ஏற்றுமதிச் சலுகை யார் கைக்குப் போகிறது? டி.டி.கே. போட்ட கணக்கும் போடி ஏலக்காயும்

போடிநாயக்கனூரிலிருந்து தேவாரம் போகும் சாலையில் இருக்கிறது ராசிங்காபுரம். பொழுது விடியும் முன்பே இந்தப் பக்கத்து ஊர்களிலிருந்து ஜீப்கள் கிளம்பிவிடும். தூக்குவாளியில் சோற்றோடு பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பார்கள். போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டினால் கேரளத்தின் இடுக்கி மாவட்டம். அங்கேதான் ஏலத் தோட்டங்கள். நாள் முழுக்கக் காய் எடுத்துவிட்டு, சாயங்காலம் அதே ஜீப்பில் மலை இறங்குவார்கள்.

அவர்கள் எடுத்த காயும் பின்னாலேயே மலை இறங்குகிறது. ஏலம் விளைவது கேரளத்து மலையில், ஏலம் விடுவது தமிழ்நாட்டு அடிவாரத்தில் என்று போடிக்காரர்கள் விளையாட்டாகச் சொல்லிக்கொள்ளலாம். நறுமணப் பொருட்கள் வாரியத்தின் மின்னணு ஏல மையம் போடியிலும், மலைக்கு மேலே புத்தடியிலும் இருக்கிறது. வியாபாரி ஏலத்தில் எடுத்த காய் தரம் பிரிந்து, மூட்டையாகி, ஒரு பகுதி துறைமுகத்துக்குப் போகும். அங்கே ஷிப்பிங் பில் என்ற ஒரு ஆவணம் தயாராகிறது. ஏற்றுமதிக்காக அரசு தரும் வரித் திருப்பமோ சலுகையோ, அந்த ஆவணத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவருக்குத்தான்.

காய் எடுத்தவருக்கும் விளைவித்தவருக்கும் அதில் நேரடியாக ஒன்றும் கிடையாது. ஏன் இப்படி ஒரு அமைப்பு? இதைத் தெரிந்துகொள்ள, சென்னையில் நம்மில் பலர் தினமும் டிராஃபிக்கில் மாட்டிக்கொள்ளும் ஒரு சாலையின் பெயருக்குப் போக வேண்டும். மௌபரீஸ் ரோடு என்று இருந்து டி.டி.கே. சாலையாக மாறிய அதே சாலைதான்.

சோப்பும் சாக்லேட்டும் விற்றவர்

திருவள்ளூர் தட்டை கிருஷ்ணமாச்சாரி 1899 நவம்பர் 26 அன்று சென்னையில் பிறந்தார். அப்பா டி.டி.ரங்காச்சாரி, சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி. மகன் சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தார். நீதிபதி வீட்டுப் பிள்ளை வக்கீலாவார் என்று ஊர் எதிர்பார்த்திருக்கும். அவரோ வியாபாரத்துக்குப் போனார். 1928-ல் டி.டி.கிருஷ்ணமாச்சாரி அண்ட் கோ தொடங்கியது. வெளிநாட்டு கம்பெனிகளின் சோப்பு, சாக்லேட், பேனா, அழகுசாதனப் பொருட்களை இறக்குமதி செய்து, தென்னிந்தியக் கடைகளில் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் தொழில். இன்றைய பாஷையில் சொன்னால் டிஸ்ட்ரிபியூஷன்.

அதாவது, பின்னாளில் இறக்குமதிக்குக் கதவடைத்து ஏற்றுமதிக்குக் காசு கொடுத்த அமைச்சர், தன் முதல் சம்பாத்தியத்தைப் பார்த்ததே இறக்குமதியில்தான். இந்த முரணை மனதில் வைத்துக்கொண்டால் அவருடைய பிற்கால முடிவுகள் பலவும் கொஞ்சம் தெளிவாகப் புரியும். எந்தப் பொருளுக்கு இறக்குமதி லைசென்ஸ் கிடைத்தால் எவ்வளவு லாபம் நிற்கும் என்பது அவருக்கு ஃபைல் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயமாக இருக்கவில்லை.

1937-ல் சுயேச்சையாக நின்று சென்னை சட்டசபைக்குப் போனார். 1942-ல் மத்திய சட்டசபை. காங்கிரஸில் சேர்ந்தது அதற்கிடையில். அரசியலுக்கு வந்த பிறகு தொழிலை மகன் டி.டி.நரசிம்மனிடம் விட்டுவிட்டார். அடுத்து அரசியல் நிர்ணய சபை, அதன் வரைவுக் குழுவிலும் உறுப்பினர். வரைவுக் குழுவில் ஒருவர் இறந்துபோக, சிலர் வேறு வேலையிலும் வெளியூரிலும் இருக்க, அரசியலமைப்பை எழுதும் பாரம் கடைசியில் அம்பேத்கர் ஒருவர் தோளில்தான் விழுந்தது என்று 1948 நவம்பரில் சபையில் பதிவு செய்தவர் இவரே. இன்றைக்கும் அம்பேத்கரின் பங்கு பற்றிய விவாதம் வந்தால் இந்தப் பேச்சு இல்லாமல் முடியாது.

தேயிலைக்கு வாரியம், ஏலக்காய்க்கு?

1952 பொதுத்தேர்தலில் சென்னையிலிருந்து மக்களவைக்குப் போனார். நேரு அவரை வணிகம் மற்றும் தொழில் துறை அமைச்சராக்கினார். நாடு அப்போது எந்த நிலையில் இருந்தது என்பதற்கு ஒரே ஒரு புள்ளிவிவரம் போதும். 1948-ல் உலகச் சரக்கு ஏற்றுமதியில் இந்தியாவின் பங்கு 2.2 சதவீதம். 1963-ல் அது 1 சதவீதம். 1973-ல் அரை சதவீதம். நாம் குறைவாக விற்றோம் என்று இதை எடுத்துக்கொள்ளக் கூடாது. உலக வியாபாரம் வேகமாக வளர்ந்தது, நம்முடையது நின்ற இடத்திலேயே நின்றது.

தேயிலை, சணல், பருத்தித் துணி என்ற மூன்றே தூண்களில் ஏற்றுமதி நின்றுகொண்டிருந்தது. எஃகு ஆலை கட்ட இயந்திரம் வேண்டும், அதற்கு டாலரும் பவுண்டும் வேண்டும். டி.டி.கே. காலத்தில்தான் டெல்லி இதற்கென்று அமைப்புகளை அடுக்கடுக்காக உருவாக்கியது. 1953-ல் தேயிலைச் சட்டம், அதே ஆண்டு கயிறு தொழில் சட்டம். 1954-ல் பருத்தித் துணிகளுக்கு ஏற்றுமதி மேம்பாட்டுக் கவுன்சில். தொடர்ந்து பொறியியல் பொருட்களுக்கும் முந்திரிக்கும் 1955-ல், தோலுக்கு 1956-ல். தோல் கவுன்சிலின் தலைமையிடம் சென்னை. 1956 மே மாதம் அரசு வணிகக் கழகமான எஸ்.டி.சி.

முந்திரி இதில் சுவாரசியமானது. கொட்டையைக் கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் இறக்கி, கொல்லத்திலும் கன்னியாகுமரிப் பக்கமும் பெண்கள் உடைத்துத் தோலுரித்து, பருப்பை அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள். ஏற்றுமதி என்று கணக்கில் வந்தது பருப்பு. அதற்குள் கலந்திருந்ததில் பெரும்பகுதி பெண்களின் கை உழைப்பு.

ஏலக்காய்க்கு இந்த முதல் வரிசையில் இடம் கிடைக்கவில்லை. 1960-ல் நறுமணப் பொருட்களுக்கான ஏற்றுமதி மேம்பாட்டுக் கவுன்சில் வந்தது. ஏலக்காய்க்கென்றே தனிச் சட்டம் 1965-ல்தான். வாரியம் 1966-ல் எர்ணாகுளத்தில் அமைந்தது. தேயிலைக்கும் ஏலக்காய்க்கும் நடுவே பன்னிரண்டு ஆண்டுகள். தேயிலைக்குப் பெரிய கம்பெனிகள், லண்டன் சந்தை, டெல்லியில் பேச ஆள் என எல்லாமே இருந்தன. ஏலம் பெரும்பாலும் சிறு தோட்டக்காரர் கையில் இருந்த பயிர். போதாக்குறைக்கு 1956 நவம்பரில் மாநில எல்லை மாறியபோதும் மலை கேரளத்திலும் சந்தை தமிழ்நாட்டிலும் என்று பிரிந்தே கிடந்தது.

சொந்த வீட்டுக் கடைக்கே பூட்டு

1956 ஆகஸ்டில் டி.டி.கே. நிதியமைச்சர் ஆனார். அந்நியச் செலாவணி மளமளவெனக் கரைந்த நேரம். 1957-ல் இறக்குமதிக்குக் கடும் கட்டுப்பாடு வந்தது. நுகர்பொருட்களுக்கு லைசென்ஸ் இல்லை. அதாவது சோப்பு, சாக்லேட், அழகுசாதனம். சென்னையில் அவர் குடும்ப நிறுவனம் விற்றுக்கொண்டிருந்த அத்தனையும். நிறுவனம் ஆட்டம் கண்டது. பிழைப்பதற்காக, இறக்குமதி செய்ததை இங்கேயே தயாரிக்கும் வேலைக்கு மாறியது. பிரிட்டனிலிருந்து வந்துகொண்டிருந்த பிரஸ்டீஜ் குக்கர் இந்தியத் தயாரிப்பானது இப்படித்தான். நம் வீட்டு அடுப்படியில் விசில் அடிப்பது ஒருவகையில் 1957-ன் டாலர் பஞ்சம்.

அதே ஆண்டு ஜூலையில் ஏற்றுமதி ஆபத்துக் காப்பீட்டுக் கழகம் தொடங்கியது. வெளிநாட்டில் சரக்கு வாங்கியவர் பணம் தராமல் கைவிரித்துவிட்டால் ஏற்றுமதியாளருக்கு நஷ்டஈடு தரும் அமைப்பு. இன்று இ.சி.ஜி.சி. என்ற பெயரில் இருப்பது இதன் வாரிசுதான்.

பிறகு முந்த்ரா விவகாரம். ஹரிதாஸ் முந்த்ரா என்ற தொழிலதிபரின் ஆறு கம்பெனிப் பங்குகளை எல்.ஐ.சி. சுமார் 1.24 கோடி ரூபாய்க்கு வாங்கியிருந்தது. மக்களவையில் அதைக் கிளப்பியவர் பிரதமரின் மருமகன் ஃபெரோஸ் காந்தி. நீதிபதி சாக்லா பொதுமக்கள் முன்னிலையில் விசாரித்தார். அதிகாரி செய்தாலும் பொறுப்பு அமைச்சருக்குத்தான் என்று முடிவானது. 1958 பிப்ரவரியில் டி.டி.கே. ராஜினாமா செய்தார்.

1965: வரிக் கடன் சான்றிதழ்

1962-ல் திருச்செந்தூரிலிருந்து போட்டியின்றித் தேர்வாகி மறுபடி டெல்லிக்குப் போனார். 1963-ல் மீண்டும் நிதியமைச்சர். யு.டி.ஐ., ஐ.டி.பி.ஐ. இரண்டும் 1964-ல் வந்தன. நம் கதைக்கு முக்கியம் 1965 பட்ஜெட்.

அப்போது ஒரு டாலருக்கு 4 ரூபாய் 76 காசு. அரசு நிர்ணயித்த விலை. உள்நாட்டில் விலைவாசி ஏறிக்கொண்டே போக, இந்த ரேட் மட்டும் அசையவில்லை. இதனால் ஏற்றுமதியாளருக்கு என்ன ஆகும் என்பதற்கு ஒரு கற்பனைக் கணக்கு.

ஒரு பொருளை 100 டாலருக்கு விற்கிறார். கைக்கு வருவது 476 ரூபாய். ஆனால் இங்கே அதைத் தயாரிக்க 540 ரூபாய் ஆகிறது. 64 ரூபாய் நஷ்டம். யார் ஏற்றுமதி செய்வார்கள்? இதற்கு இரண்டு வழி. ஒன்று, ரூபாயின் மதிப்பைக் குறைப்பது. அப்போது அதே 100 டாலருக்கு அதிக ரூபாய் வரும். இன்னொன்று, ரேட்டைத் தொடாமல் அந்தப் பள்ளத்தை அரசே நிரப்புவது.

டி.டி.கே. இரண்டாவது வழியை எடுத்தார். வருமான வரிச் சட்டத்தில் 280 இசட்.சி. என்ற பிரிவு சேர்ந்தது. அரசு பட்டியலிட்ட பொருளை ஏற்றுமதி செய்தால், விற்ற தொகையில் அதிகபட்சம் 15 சதவீதம் வரை வரிக் கடன் சான்றிதழ் கிடைக்கும். கட்ட வேண்டிய வரியில் அதைக் கழித்துக்கொள்ளலாம், மீதி இருந்தால் திரும்பப் பெறலாம். நம் உதாரணத்தில் 476-க்கு 15 சதவீதம் சுமார் 71 ரூபாய். மொத்தம் 547. இப்போது 7 ரூபாய் லாபம்.

இதோடு ஏற்கெனவே இறக்குமதி உரிமைத் திட்டமும் ஓடிக்கொண்டிருந்தது. ஏ.ராமசாமி முதலியார் தலைமையிலான குழு 1962-ல் ஏற்றுமதிக்கு இன்னும் ஊக்கம் வேண்டும் என்று சொன்ன பிறகு இது வேகம் பிடித்தது. இவ்வளவுக்கு ஏற்றுமதி செய்தால் இவ்வளவுக்கு இறக்குமதி லைசென்ஸ் என்று ஒரு பங்கு. நாட்டில் இறக்குமதிப் பொருளுக்கு அவ்வளவு பஞ்சம் என்பதால் அந்த லைசென்ஸே ஒரு பண்டமானது. கூடுதல் விலைக்குக் கைமாறியது. லைசென்ஸுக்காகவே ஏற்றுமதி செய்தவர்கள் உண்டு. 100 ரூபாய் சரக்குக்கு 150 ரூபாய் பில் போட்டவர்களும் உண்டு. பொருளாதார ஆய்வாளர் ஜகதீஷ் பகவதி போன்றவர்கள் பிறகு இதைப் பற்றி விரிவாக எழுதினார்கள்.

இந்த இடத்தில்தான் போடிமெட்டு மலை மறுபடி வருகிறது. இறக்குமதி உரிமை பெரும்பாலும் பொறியியல் சாமான், ரசாயனம், துணி போன்ற பொருட்களுக்குப் போனது. தேயிலை, சணல் மாதிரி பழைய சரக்குகள் பெரிதாக எதையும் பார்க்கவில்லை. எப்படியும் விற்கும் பொருளுக்கு எதற்கு ஊக்கம் என்பதுதான் டெல்லியின் வாதம். காகிதத்தில் பார்த்தால் நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் ரூபாய் ரேட்டை உயர்த்திப் பிடித்திருந்த பாதிப்பு எல்லா ஏற்றுமதிக்கும் பொது. அதற்கு மருந்து மட்டும் சிலருக்கே கிடைத்தது. டி.டி.கே. வழியின் பெரிய ஓட்டை இதுதான். எந்தப் பொருளுக்கு எத்தனை சதவீதம் என்பதை ஒரு அதிகாரி உட்கார்ந்து எழுத வேண்டியிருந்தது. அந்த அதிகாரியிடம் போய்ப் பேச யாரால் முடியுமோ அவர்களுக்கு லாபம்.

ரேட்டைத் தொடாதே

உலக வங்கி அனுப்பிய பெர்னார்ட் பெல் குழு 1964-65-ல் இந்தியாவை அலசியது. அதன் பரிந்துரைகளில் முக்கியமானது ரூபாய் மதிப்பைக் குறைப்பது. டி.டி.கே. அதை அழுத்தமாக எதிர்த்தார். வெடுக்கென்று பேசும் சுபாவமுள்ளவர், இந்த விஷயத்தில் இன்னும் இறுகிப்போனார். அவரது பயத்தையும் லேசாகத் தள்ளிவிட முடியாது. நம் ஏற்றுமதி பெரும்பாலும் விலை குறைத்தாலும் கூடுதலாக விற்காத பொருட்கள். தேவையோ இறக்குமதி உணவும் இயந்திரமும். ரேட்டைக் குறைத்தால் அவற்றின் விலைதான் முதலில் எகிறும்.

ஆனால் அந்தச் சண்டையை முடித்துவைக்க அவர் பதவியில் இல்லை. குடும்ப நிறுவனத்தைச் சுற்றிக் குற்றச்சாட்டுகள் எழுந்தன. சாஸ்திரி அவற்றைத் தலைமை நீதிபதியின் பார்வைக்கு அனுப்ப விரும்ப, டி.டி.கே. 1965 டிசம்பர் 31 அன்று விலகினார். பதினோரு நாளில் சாஸ்திரியும் தாஷ்கண்டில் காலமானார்.

1966 ஜூன் 6 அன்று இந்திரா காந்தி அரசு ரூபாய் மதிப்பைக் குறைத்தது. ஒரு டாலருக்கு 7 ரூபாய் 50 காசு. அதோடு இறக்குமதி உரிமையும் வரிக் கடன் சான்றிதழும் நிறுத்தப்பட்டன. சணல், தேயிலை போன்ற பழைய சரக்குகளுக்கு ஏற்றுமதி வரி வேறு போட்டார்கள். அடுத்தடுத்து இரண்டு வறட்சி வந்ததில், மதிப்புக் குறைப்பு எதிர்பார்த்த பலனைத் தரவில்லை. அந்த ஆகஸ்டிலேயே சில பொருட்களுக்கு ரொக்க உதவி என்ற பெயரில் ஊக்கத்தொகை திரும்பி வந்துவிட்டது. மூன்று மாதம்கூடத் தாங்கவில்லை.

டி.டி.கே. அதற்குப் பிறகு அமைச்சரவைக்குத் திரும்பவில்லை. 1974 மார்ச் 7 அன்று காலமானார்.

அவருக்குப் பிறகு

அந்த ரொக்க உதவி கால் நூற்றாண்டு ஓடியது. 1991 ஜூலையில் ரூபாய் மதிப்பை இரண்டு தடவை குறைத்த கையோடு அதை நிறுத்தினார்கள். அப்போது வணிகத் துறையைப் பார்த்தவர் சிவகங்கைக்காரரான ப.சிதம்பரம். ஊக்கத்தொகையா, ரேட்டா என்ற பழைய சண்டையில் இந்த முறை ரேட் ஜெயித்தது. ஆனால் ஊக்கமும் முழுசாகப் போய்விடவில்லை. பெயர் மாறி மாறி வந்துகொண்டே இருந்தது. 2015-ல் வந்தது எம்.இ.ஐ.எஸ்.

இதற்கு உலக வர்த்தக அமைப்பில் வேட்டு வைத்தது அமெரிக்கா. ஏற்றுமதி செய்தால்தான் பணம் என்ற மானியத்தை அந்த அமைப்பின் விதிகள் தடை செய்கின்றன. ஏழை நாடுகளுக்கு மட்டும் விலக்கு. தனிநபர் தேசிய வருமானம் 1990 டாலர் மதிப்பில் தொடர்ந்து மூன்று ஆண்டு 1,000 டாலரைத் தாண்டினால் அந்த விலக்கு போய்விடும். இந்தியா தாண்டிவிட்டது என்று 2017-ல் கணக்கு வந்தது. எங்களுக்கு இன்னும் அவகாசம் உண்டு என்ற இந்தியாவின் வாதத்தை 2019 அக்டோபர் 31 அன்று விசாரணைக் குழு ஏற்கவில்லை. இந்தியா மேல்முறையீடு செய்தது. ஆனால் அதை விசாரிக்க வேண்டிய அமைப்பே உறுப்பினர்கள் இல்லாமல் அந்த டிசம்பரில் முடங்கிவிட்டதால் வழக்கு அப்படியே கிடக்கிறது.

2021 ஜனவரியில் எம்.இ.ஐ.எஸ். இடத்துக்கு ரோடெப் வந்தது. ஏற்றுமதியாளர் டீசல், மின்சாரம் போன்றவற்றில் ஏற்கெனவே கட்டி, வேறு எந்த வழியிலும் திரும்பக் கிடைக்காத வரிகளைத் திருப்பித் தருவது இது. மானியம் இல்லை, கட்டிய வரிதான் திரும்புகிறது என்பதால் விதிக்கு உட்பட்டது என்பது அரசின் நிலை. தொகை மின்னணுச் சான்றிதழாக ஏற்றுமதியாளரின் கணக்கில் ஏறும். சுங்க வரி கட்டப் பயன்படுத்தலாம், இன்னொருவருக்கு விற்கவும் செய்யலாம். 1960-களின் லைசென்ஸை நினைவுபடுத்துகிறது என்றால், ஆமாம், அதே குடும்பம்தான்.

அப்போ ராசிங்காபுரம்? இந்திய ஏலக்காயில் பெரும்பகுதி உள்நாட்டிலேயே செலவாகிறது. வெளிநாட்டில், முக்கியமாக அரபுக் காப்பிக்கு ஏலம் தேடும் சவூதிச் சந்தையில், பல ஆண்டுகளாகவே குவாத்தமாலாதான் முந்தி நிற்கிறது. அந்த நாட்டுக்கு ஏலச்செடி போனதே இந்தியாவிலிருந்துதான். ஆக, ஏற்றுமதிச் சலுகை மலையேற ஒரே ஒரு பாதைதான் உண்டு. சலுகையைக் கணக்கில் வைத்து ஏற்றுமதியாளர் போடியில் சில ரூபாய் கூட்டிக் கேட்க வேண்டும். அது தோட்டக்காரருக்கு வர வேண்டும்.

அந்தச் சில ரூபாயும் விலையின் ஆட்டத்தில் கண்ணுக்கே தெரியாது. 2018 வெள்ளத்தில் விளைச்சல் அடிபட்டதால், 2019 ஆகஸ்டில் புத்தடி ஏலத்தில் ஒரு கிலோ உச்சமாக 7,000 ரூபாய்க்குப் போனது. 2022-ல் ஆயிரம் ரூபாய்க்கும் கீழே விழுந்தது. மறுநடவு மானியம் போல வாரியம் தரும் நேரடி உதவிகள் நிலம் வைத்திருப்பவருக்கானவை. ஜீப்பில் போகிறவருக்குக் கூலி அன்றன்றைக்கு. விலை 7,000 ஆனாலும் ஆயிரம் ஆனாலும் போடிமெட்டுக்கு ஜீப் கிளம்பும் நேரம் மாறுவதில்லை.